யாருதக்கா

எங்கள் தெருவில் அவரை யாருதக்கா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எந்தப் பொருளைக் கண்டாலும் "இது யாருது?" என்பதுதான் அவர் வாயிலிருந்து முதலில் வரும். அந்தக் கேள்வியையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது தெரு.

வாய்க்காலில் ஒற்றைச் செருப்பு மிதந்து வந்தால் விட்டுவிட்டுப் போகமாட்டார். ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு போவார். ஒரு முறை பக்கத்து வீட்டுக் கோழி எதிர்வீட்டு வைக்கோல் படப்பில் முட்டையிட்டுவிட்டது என்று இரண்டு வீட்டுக்கும் சண்டை. நடுவில் புகுந்தவர், "கோழி யாருது? படப்பு யாருது? ரெண்டும் தெரிஞ்சு போச்சு. முட்ட யாருதுன்னு அந்தக் கோழியத்தான் கேக்கணும். கூப்புடுங்க அத" என்றார். சண்டை போட்டவர்களே சிரித்துவிட்டார்கள்.

லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு பஸ்ஸில் போகும்போது, மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களைக் காட்டி, "இந்தத் தண்ணி யாருது?" என்று கேட்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே சொன்னார்: "ஏக்கா, அதக் கேட்டுத்தான் ரெண்டு கவருமெண்டும் கோர்ட்டுல நிக்குது. நீங்க இறங்கிப் போயித் தீத்து வச்சிட்டு வாங்க, வண்டிய நிப்பாட்டுறேன்."

இதையெல்லாம் வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பாத்திரத்தில் வெட்டியிருக்கிற பெயரை, பொய் சொல்லாமல், நாலு பேர் முன்னால் ஒருவர் வாசிக்க வேண்டும். அதை அவர் மறைக்கவும் இல்லை. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எதற்காக என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த நாளில் மைக் என் கையில் இருந்தது.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அவர் எங்கள் தெருக்கோடிக்குக் குடிவந்தார். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் அங்கேதான் நிற்கும். "ஜீப்பு நிக்கிற எடத்துல வீடு பிடிச்சிருக்கேன், அம்புட்டுதான்" என்றார். தகரம் வேய்ந்த ஒற்றை அறை. நாற்பதை ஒட்டிய வயது. தனி ஆள்.

அந்த வருடங்களில் பழைய பாத்திரத்தை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் குடம் கொடுக்கிற தள்ளுவண்டி எங்கள் பக்கம் நிறைய வந்தது. எங்கள் ஊர்களில் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ பாத்திரம் கொடுத்தால் அதன் கழுத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள். அந்தப் பெயர்களோடு பித்தளையும் வெண்கலமும் வண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. யாருதக்கா வண்டியை மறித்துக்கொண்டு நிற்பார்.

"எங்கிட்டக் குடு ஆத்தா. அவன் உருக்கிப்புடுவான். பேரும் சேந்துல்ல உருகிப் போகும்."

நல்ல பாத்திரத்தை யார் கொடுப்பார்கள்? ஒடுக்கு விழுந்ததும் ஓட்டை விழுந்ததும் அவருக்கு வந்தன. ஆனால் கதை சொல்லாமல் கொடுத்தால் வாங்கமாட்டார். யாருடையது, யார் புழங்கினார்கள், ஏன் இப்போது புழங்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் வாழைநார்க் கயிற்றை எடுத்து அளப்பார். அந்தப் பாத்திரம் புழங்கியவர் உடம்பில் எங்கே இருந்ததோ, அந்த உயரத்துக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, தன் வீட்டு உத்தரத்திலிருந்து தொங்கவிடுவார்.

இதைச் சொன்னால் விளங்காது. உள்ளே போய் நிற்க வேண்டும். தண்ணீர்க் குடங்கள் இடுப்பு உயரத்தில் தொங்கும். தலைச்சுமைப் பெண்ணின் கஞ்சிச்சட்டி என் தலைக்கு மேல். ஒரு சின்ன டம்ளர் என் முழங்காலுக்குச் சற்று மேலே தொங்கியது. யாருதென்று நான் கேட்டேன். "மூணு வயசுப் பிள்ள. காமாலையில போயிருச்சு. அதுக்கு வாய் அங்கனதான இருக்கும்" என்றார். ஜீப் கவிழ்ந்து இறந்துபோன ஒரு பெண்ணின் தூக்குச்சட்டி, உட்கார்ந்திருப்பவரின் மடி உயரத்தில் தொங்கியது. பாத்திரங்கள்தான் தொங்கின, ஆனால் அந்த அறைக்குள் போனால் ஆட்களை இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி நடப்பதுபோலத்தான் நடப்போம். ஆடிக் காற்றில் எல்லாம் ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொள்ளும்.

என் அப்பா மட்டும் அந்தப் பக்கம் போகமாட்டார். வாழைத்தோப்புக்கு அந்த வழி போனால் பாதித் தூரம். அவர் வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் போவார். "அந்த வீட்டுல எந்நேரமும் கிணுகிணுன்னு சத்தம். எனக்கு ஆகாது. நீயும் அங்கன போகாத" என்பார். அவர் தலை மறைந்ததும் அம்மா, "போறதுன்னாப் போயிட்டு வா" என்பார்.

நான் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் அப்பா பக்கமும் சரி, அம்மா பக்கமும் சரி, எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மாவுக்குக் கைநாட்டு. அந்தத் தகர வீட்டில் பாத்திரத்துப் பெயர்களை வாசிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. ஜீப்பில் வந்து இறங்கும் பெண்கள் களைப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் நடுவில் நின்று ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். அத்தனை கண்களும் என்மேல் இருக்கும். அந்தப் பெருமையை நான் மறைக்கவில்லை, இன்றைக்கும் மறைக்க நினைக்கவில்லை.

யாருதக்காவுக்கு நான் வாசிக்க வேண்டியது பாத்திரம் மட்டுமல்ல. மருந்துச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை, வடை சுற்றி வந்த பேப்பர், எது கிடைத்தாலும் நீட்டுவார். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தபால்காரர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ வாசிச்சுக் குடுக்குறதையெல்லாம் அந்தம்மா எங்கிட்டயும் கொண்டாந்து வாசிக்கச் சொல்லுது. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்குதுபோல."

நேராகத் தகர வீட்டுக்குப் போனேன்.

"நான் என்ன பொய்யா வாசிக்கிறேன்?"

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"கோவிச்சுக்கிடாத ஆத்தா. வாசிக்கிறவக வாயிலருந்து வர்றதுதான எங்களுக்கு எழுத்து. அந்த வாய் மாத்திச் சொன்னா எங்களுக்கு எங்கன தெரியும்?"

"நான் மாத்திச் சொல்லியிருக்கேனா?"

"இல்ல. மூணு வருசமாப் பாக்குறேன். நீ மாத்தல."

கோபமாகப் போனவள் பரிசு வாங்கியவளைப்போலத் திரும்பி வந்தேன். மூன்று வருடமாக ஒருவர் என்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறார், எதற்காக என்று கேட்கத் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் எங்கள் ஊர் மகளிர் குழுக்கள் சேர்ந்து சமுதாயக் கூடத்தில் விழா வைத்தார்கள். ஊறுகாய், கூடை, ஏலக்காய் மாலை என்று ஆளுக்கொரு மேசை. யாருதக்கா தன் பாத்திரங்களை அங்கே கட்டித் தொங்கவிட வேண்டும், ஒவ்வொன்றின் பெயரையும் நான் மைக்கில் வாசிக்க வேண்டும், பாத்திரத்துக்கு உரியவர் எழுந்து கதை சொல்ல வேண்டும் என்றார். குழுத் தலைவிக்கு மனமில்லை. "பழைய இரும்புக் கடைன்னு நெனைக்கப் போறாக" என்றார். ஆனால் ஏற்பாடு செய்ய மதுரையிலிருந்து வந்திருந்த பெண் தகர வீட்டுக்குள் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இதுக்குப் பேரு நிறுவல் கலைம்மா. வெளிநாட்டுலயெல்லாம் இதப் பெரிய கூடத்துல வைப்பாங்க" என்றார்.

"எங்க ஊருக் கூடத்துல வச்சாப் போதும்" என்றார் யாருதக்கா.

விழாவுக்காக வீட்டுக்கு ஒரு பாத்திரம் புதிதாகக் கேட்டார்கள். அம்மா எதைக் கொடுப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புழக்கடைக்குப் போய், வெந்நீர் அடுப்பிலிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்த நாளாக அது கரிக்கட்டைபோல இருக்கும். பித்தளையா இரும்பா என்றுகூடத் தெரியாது.

"ஏம்மா, இதையா? மானத்த வாங்காத. நல்லதா ஒண்ணு எடு."

"இதுதான்" என்றார் அம்மா. இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

யாருதக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். யாருது என்று கேட்கவில்லை. கயிறெடுத்து அம்மாவின் இடுப்பை அளக்கவும் இல்லை. அம்மாவும் கதை எதுவும் சொல்லவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். வெயில் என்பதால் நான் நிழலுக்கு ஒதுங்கினேன். அந்தக் குடத்தைப் புளியும் செங்கல்பொடியும் போட்டு இரண்டு நாள் தேய்த்தாராம். மற்ற எல்லாப் பெயர்களையும் முன்கூட்டியே வாசித்துப் பழகிக்கொண்டேன். அது மட்டும் ஊறிக்கொண்டிருக்கிறது, விழாவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

விழா அன்று கூடம் நிறைந்துவிட்டது. பாத்திரங்களுக்கு நடுவே நான் மைக்கோடு நின்றேன். பின்னால், தூணுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா. பாத்திரச் சத்தமே ஆகாதவர், மகள் மைக்கில் வாசிப்பதைக் கேட்க வந்திருந்தார். பக்கத்தில் நின்றவரிடம், "என் மக" என்று சொன்னது அவர் உதட்டசைவில் தெரிந்தது.

ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அந்தந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து தம் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். ஒரு மாமியார் தன் மருமகளின் அண்டாவைக் காட்டி, "குடுக்கும்போது தங்கமுலாம்னு சொன்னாக. ரெண்டாம் நாளே பல்ல இளிச்சிருச்சு, அவளப்போலயே" என்றார். கூடமே சிரித்தது. காமாலையில் போன பிள்ளையின் அப்பா வந்து, டம்ளரைப் பார்க்கத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக அந்தக் குடம். தங்கம்போலப் பளபளத்தது. எங்கள் வீட்டுக் கரிக்குடமா என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. கழுத்துக்குக் கீழே புள்ளி எழுத்துகள் வட்டமாக ஓடின. குனிந்து, குடத்தை மெல்லத் திருப்பித் திருப்பி வாசித்தேன். தலைப்பெழுத்து, ஒரு பெண்ணின் பெயர், கெங்குவார்பட்டி என்று ஊர். அவ்வளவுதான். எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. அம்மாவுக்கு யாரோ சீராகக் கொடுத்தது போலும் என்று அம்மாவைத் தேடினேன்.

"இன்னொரு தடவ வாசி ஆத்தா" என்றார் யாருதக்கா.

வாசித்தேன்.

"வேற பேரு இருக்கா?"

"இல்லக்கா."

"நல்லாச் சுத்திப் பாரு. ஆம்பளப் பேரு எதுவும்?"

"ஒரே பேருதான்க்கா. பொம்பளப் பேரு."

அவர் எழுந்து வந்து குடத்தின் பக்கத்தில் நின்றார். குடம் அவர் இடுப்பில் வந்து பொருந்தியது. விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கயிறு யாரை அளந்து முடிச்சுப் போடப்பட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கையிலிருந்த மைக் கீச்சென்று கத்தியது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. யாருடையது என்று தெரிந்தபிறகு, கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை.

"எம் பேருதான்" என்றார். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. வெறும் குரலிலேயே சொன்னார். "வருசநாட்டுப் பக்கம் என்னயக் கட்டிக் குடுத்தாக. அஞ்சு வருசம் பிள்ள இல்ல. ஊரக் கூட்டித் தீத்து விட்டாக. எங்கப்பா போட்ட சாமான எடுத்துக்கிட்டுப் போறேன்னேன். குடத்துல மாப்பிள்ளப் பேருதான் வெட்டியிருக்கு, அது இந்த வீட்டுதுன்னுட்டாக. அங்கன கூடுன ஒருத்தருக்கும் எழுத்துத் தெரியாது. பேப்பர் படிக்கிற ஆளு ஒருத்தர் மட்டும் இருந்தாரு. அவரு குடத்தத் திருப்பிப் பாத்துட்டு, ஆமா, மாப்பிள்ளப் பேருதான்னு வாசிச்சாரு. நான் வெறுங்கையோட வந்தேன். அவரு நெசமா வாசிச்சாரா, பொய்யா வாசிச்சாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எங்கப்பா ஒருவேள மாப்பிள்ளப் பேரத்தான் வெட்டச் சொன்னாகளோன்னு செத்த மனுசனக்கூட சந்தேகப்பட்டேன்."

முன் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "கட்டுனவுக யாருக்கா?"

"கட்டுனவுக பேரச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல."

சொல்ல வேண்டியதும் இல்லை. குடம் எங்கள் வீட்டிலிருந்து வந்தது என்பதும், அப்பா வருசநாட்டிலிருந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர் என்பதும் தெருவுக்கே தெரியும். ஒவ்வொரு தலையாகப் பின்னால் திரும்பியது. நானும் திரும்பினேன். அப்பா யாருதக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

கூட்டம் கலைந்தபிறகு யாருதக்காவிடம் கேட்டேன்.

"தபால்காரர வாசிக்கச் சொல்லியிருக்கலாம்ல? மதுரைக்காரம்மாவ வாசிக்கச் சொல்லியிருக்கலாம்ல? ஏன் நானு?"

"வேற யாரு வாசிச்சாலும் எனக்காக வாசிச்சாகன்னு சொல்லுவாக. அவுக மகளே வாசிச்சா?" கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "ஏழு வருசம் ஆச்சுத்தா நீ வளர. ஒன்னய ஏமாத்தல. நீ மாத்தி வாசிச்சிருந்தாலும் நான் கேட்டுக்கிட்டுத்தான் போயிருப்பேன்."

ஏழு வருடம் நான் அவருக்கு ஒரு பிள்ளைபோல என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு சாட்சியை வளர்த்திருக்கிறார்.

வீட்டில் அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அம்புட்டுப் பேரு முன்னால அத வாசிக்கத்தான் ஒன்னயப் படிக்க வச்சேனா?" என்றார்.

"குடம் யாருதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமாப்பா?"

"எனக்கு என்ன எழுத்தா தெரியும்? வாசிச்சவரு சொன்னாரு. நான் என்னத்தக் கண்டேன்?"

"எனக்கும்தான் எழுத்துத் தெரியாது" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து. "வந்த வருசமே அந்தக் குடத்தக் கழுவும்போது விரல் வச்சுத் தடவிப் பாத்தேன். நீங்க கையெழுத்துப் போடுறதப் பாத்திருக்கேன். மொதல்ல பாம்பு மாதிரி ஒரு சுழி சுழிப்பீக. அந்தச் சுழி குடத்துல எங்கனயும் இல்ல. உங்க பேரு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலயாக்கும்?"

நான் அம்மாவிடம் போனேன்.

"பிறகு ஏம்மா அத அடுப்புல ஏத்துன?"

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ ரெண்டாப்பு படிக்கையில கடைப் பலகை, தீப்பெட்டின்னு கண்டதையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பிச்ச. அன்னைக்குத்தான் ஏத்துனேன். கரி புடிக்கட்டும்னு."

நான் படித்ததை எங்கள் வீடு இரண்டு விதமாகக் கொண்டாடியிருக்கிறது. அப்பா தெருவெல்லாம் சொன்னார். அம்மா ஒரு பெயரை மறைத்தார்.

தேனிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. அந்த வாரம் யாருதக்கா வந்தார். எங்கள் வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. இடுப்பில் குடம். அதற்குள் மற்றப் பாத்திரங்களை எல்லாம் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்திருந்தார். அப்பா வெளியே போக எழுந்தார். வாசலில் யாருதக்கா நின்றதால் போக வழியில்லை.

"பிள்ள காலேசுக்குப் போகுது. என் பங்குக்கு இது" என்று குடத்தை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா கையை நீட்டவில்லை. "உங்களுதுக்கா. நீங்க வச்சுக்கங்க."

"என்னுதுன்னுதான் தெரிஞ்சு போச்சே. அதனாலதான் குடுக்குறேன். அன்னைக்கு இது இந்த வீட்டுக்கு எங்கிட்டருந்து எடுத்துக்கிட்டு வந்தது. இன்னைக்கு நான் குடுத்து வர்றது. வாங்கு."

அம்மா வாங்கிக்கொண்டார். யாருதக்கா என் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். ஆடி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா ஊரான கெங்குவார்பட்டிக்கே போய்விட்டதாக ஜீப்புக்காரர் சொன்னார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அம்மா அந்தக் குடத்தில்தான் இன்னமும் வெந்நீர் போடுகிறார். ஆனால் தினமும் கரி போகத் தேய்த்து, எழுத்து தெரிகிற பக்கத்தை முன்னால் பார்க்க வைக்கிறார். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு விடியுமுன் வாய்க்காலுக்குக் குளிக்கப் போய்விடுகிறார். மலைக்காற்று இறங்குகிற மார்கழியிலும்.